கச்சான் காற்றும் கண்டலமத் தோணியும்



சென்ற வாரம் கண்டலமக் குளத்தில் எடுத்த ஒரு படத்தை இங்கே போட்டிருந்தேன். பக்கத்தில் கட்டை பூட்டிய ஒரு பைபர் தோணி. உரப்பைகளைத் தைத்து ஒரு கம்பில் கட்டி, அதையே பாயாக விரித்திருந்தார்கள். படத்தின் கீழே வந்த கருத்துகள் இரண்டு வகை. "சேர், இது ஹோட்டல்காரர்கள் வெள்ளைக்காரருக்காகக் கொண்டுவந்த விளையாட்டு" என்றார்கள் சிலர். "இல்லை, இராசாக்கள் காலத்திலேயே இந்தக் குளங்களில் பாய்க்கப்பல் ஓடியது" என்றார்கள் வேறு சிலர். இரண்டும் சரியில்லை. உண்மைக் கதை இரண்டையும் விடச் சுவையானது, நம் சமூகமும் அதில் ஒரு ஓரத்தில் நிற்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். பிளேன்டீ ஒன்றை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று தொடங்கும். ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் மலையில் மோதி அங்கே மழையைக் கொட்டிவிடும். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் இருக்காது, வேகமும் சூடும் மட்டும் இருக்கும். கிழக்கில் உள்ள நம் உறவுகள் அதைக் கச்சான் என்பார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சோளகம் என்பார்கள். நமது மாவட்டம் இந்தக் காற்றுக்கு ஒரு படிக்கட்டு மாதிரி. மாத்தளை நகரிலும் உக்குவளையிலும் றத்தோட்டையிலும் இருப்பவர்கள் மேல் படியில் இருக்கிறார்கள். நாவுல, கலேவெல, தம்புள்ளை, லக்கல கீழ்ப் படியில். மேலே இருப்பவருக்கு அது குளிர்ந்த காற்று. கீழே இருப்பவருக்குப் புழுதி, காய்ந்த வாழையிலை, வெடித்த வயல்.

அந்தக் காற்று குளத்தின் மேல் வீசும்போது நீரை எடுத்துக்கொண்டு போகிறது. எங்கள் வகுப்பில் இதைக் கணக்காகவே கொடுப்பேன். ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரண்ட வலயத்தில் கோடைக்கு அது மிகையான கணக்கு இல்லை. ஒரு சதுர கிலோமீற்றர் நீர்ப்பரப்பிலிருந்து ஒரே நாளில் 5,000 கனமீற்றர் போய்விடும், அதாவது 50 இலட்சம் லீற்றர். வரட்சிக்காலத்தில் கிராமங்களுக்கு வரும் 5,000 லீற்றர் தண்ணீர் பவுசரில் அளந்தால் ஆயிரம் பவுசர். தோணிக்காரனின் பாயை நிரப்பும் காற்றும் அவனுக்கு அடியில் உள்ள தண்ணீரைக் குடிக்கும் காற்றும் ஒன்றுதான். பாய் ஓட்டம் நல்லாக இருக்கும் மாதங்களில்தான் குளம் சுருங்குகிறது.

சரி, பழைய காலத்துக்குப் போவோம்.

நம்மைச் சுற்றியிருப்பது குளங்களின் நாடு. தாதுசேனன் 5ஆம் நூற்றாண்டில் கட்டிய கலாவெவவுக்கு நீர் கொடுக்கும் தம்புள்ளை ஓயாவும் மிரிஸ்கோணி ஓயாவும் நம் மாவட்டத்திலிருந்துதான் போகின்றன. மிரிஸ்கோணி ஓயாவை மறித்த குளந்தான் கண்டலம. அம்பன் கங்கையைத் திருப்பிய எலஹெரக் கால்வாயை அதற்கும் முன்னர் ஆண்ட வசபன் காலத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள். இவ்வளவு நீரைக் கட்டியாண்ட மக்கள் அதில் பாய் விரித்து ஓடினார்களா? ஆற்றைக் கடக்க ஓடம் இருந்தது, இரட்டைத் தோணியின் மேல் பலகை அடித்த அங்குல இருந்தது, தாமரை பறிக்கச் சிறு தெப்பமும் இருந்திருக்கும். ஆனால் பாய்த் தோணிக்கென்று ஒரு தொழில் இந்தக் குளங்களில் வளரவில்லை. காரணம் எளிது. குளம் வயலுக்காகக் கட்டப்பட்டது. அதன் மட்டம் ஒவ்வொரு வாரமும் மாறும். பெரும்போகத்தில் அலை கரையில் மோதும் இடத்தில் சிறுபோக முடிவில் மாடு மேயும். நிலையான துறை இல்லாத நீரில் படகோட்டம் ஒரு தொழிலாக வளர்வது கடினம்.

மீன் பிடிக்கவும் அன்று தோணி தேவைப்படவில்லை. கோடையில் குளம் வற்றி முழங்கால் அளவுக்கு வந்ததும் ஊரே இறங்கும். அடியும் முடியும் திறந்த கூடைப்பொறியைச் சேற்றில் குத்தி, மேல் வாயால் கையை விட்டு மீனைப் பிடிப்பார்கள். சிங்களத்தில் அதற்குக் கரக்க என்று பெயர். 1660இல் கண்டி மன்னனிடம் சிறைப்பட்டு, 1679இல் தப்பிப் போன றொபர்ட் நொக்ஸ் இப்படிக் கூடையால் மீன் பிடிப்பதைத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஆக, பழைய கோடைக்குளம் நடந்து இறங்கும் குளம். ஓட்டிப் போகும் குளம் அல்ல.

அப்படிக் கிடைத்த குளத்து மீன் வருடத்தில் சில நாட்களுக்குத்தான் காணும். மற்ற நாட்களில் மலைநாட்டார் என்ன மீன் தின்றார்கள்? கருவாடு. அதைக் கொண்டுவந்தவர்கள் யார்? இங்கேதான் நம்மவர்கள் வருகிறார்கள்.

கண்டி அரசில் மடிகே பத்த என்று ஒரு பகுதி இருந்தது. பொதி மாடுகளைக் கொண்டு அரசுக்குப் போக்குவரத்துச் செய்யும் பிரிவு. அதில் முஸ்லிம்கள் பெருமளவில் பணிபுரிந்தார்கள். தவளம் என்று நம் மூத்தவர்கள் சொல்லும் அந்த மாட்டு வரிசை புத்தளத்திலிருந்து உப்பும் கருவாடும் சுமந்து மலையேறும், திரும்பும்போது பாக்கும் மற்ற விளைபொருளும் கொண்டுபோகும். மாத்தளை வழிகளில் தவளம் பழகிய சத்தம். 1766 ஒப்பந்தத்தில் ஒல்லாந்தர் கரையோரம் முழுவதையும் தம் கையில் எடுத்த பிறகு மலைநாட்டுக்குச் சொந்தமாக ஒரு கடற்கரை கூட இல்லை. உப்பு ஒரு அரசியல் ஆயுதமானது. அந்த நிலையிலும் ஒரு சட்டி கருவாட்டுக்குழம்பு மாத்தளையில் கொதித்தது என்றால் அதற்குப் பின்னால் ஒரு மாட்டுக்காரனின் பல நாள் நடை இருந்தது. தவளம் நடப்பதற்கும் காய்ந்த காலமே வசதி. ஆறுகளைக் கால்நடையாகக் கடக்கலாம், பாதை சேறாகாது. 1880இல் ரயில் மாத்தளைக்கு வந்தது. தவளம் மெல்ல மெல்லப் பாட்டிமார் கதையாகிப் போனது.

இனிக் கடலுக்குப் போவோம், ஏனென்றால் படத்தில் உள்ள தோணி அங்கிருந்துதான் வந்தது.

ஒரு பக்கம் மட்டும் மிதவைக்கட்டை வைத்த தோணியைச் சிங்களத்தில் ஓருவ என்பார்கள். அந்தக் கட்டைக்குக் கொல்லாவ என்று பெயர். நீர்கொழும்புக் கரையில் இன்றைக்கும் அது பாய் விரித்து ஓடுகிறது. பழைய ஓருவவில் ஆணி கிடையாது, எல்லாம் தும்புக் கயிற்றால் தைத்ததும் கட்டியதும். கட்டை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும். அதனால் திசை மாற்ற வேண்டுமானால் தோணியைத் திருப்ப மாட்டார்கள். பாயை மறுமுனைக்கு மாற்றுவார்கள், பின்பக்கம் முன்பக்கமாகிவிடும். கி.பி. 1ஆம் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமர் இந்தத் தீவின் கப்பல்களுக்கு இரண்டு முனையிலும் முகப்பு உண்டு, திருப்பத் தேவையில்லை என்று எழுதிவைத்தார். அவர் இங்கே வந்து பார்க்கவில்லை, கேட்டு எழுதினார். அது இன்றைய ஓருவதானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் யோசனை ஒன்றுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அவர்கள் காற்றை அளக்கும் முறை. காற்று கூடினால் தோணி சாயும். சாயாமல் இருக்க ஒருவர் கட்டையின் வளைகம்பில் ஏறி உட்கார வேண்டும். இன்னும் கூடினால் இரண்டு பேர், பிறகு மூன்று பேர். அதனால் ஒரு ஆள் காற்று, இரண்டு ஆள் காற்று, மூன்று ஆள் காற்று என்றே பேசுவார்கள். விஞ்ஞானப் பாடத்தில் காற்றுவேகமானி படிப்பிக்கும்போது இதைச் சொன்னால் பின்வாங்கு மாணவனும் நிமிர்ந்து உட்காருவான்.

(ஒரு பக்கக் குறிப்பு: சுற்றுலாப் பக்கம் இரண்டு தோணியைச் சேர்த்துக் கட்டி "கட்டமரான்" என்று பெயர் வைக்கிறார்கள். நம்ம கட்டுமரம் என்ற சொல்தான் வெளிநாடு போய்ச் சட்டை மாற்றித் திரும்பி வந்திருக்கிறது. உண்மையான கட்டுமரம் மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. பக்கக்கட்டை வைத்த ஓருவவும் கட்டுமரம் அல்ல.)

இந்தக் கடல் தோணியை மலையடிவாரக் குளத்துக்கு இழுத்து வந்தது ஒரு மீன். 1952இல் ஆபிரிக்காவுக்குச் சொந்தமான திலாப்பியாவை இலங்கையின் குளங்களில் விட்டார்கள். பொலன்னறுவை பராக்கிரம சமுத்திரம் அதற்கு முதல் பெரிய வீடு. நம்ம குளங்களின் சொந்த மீன்கள் பெரும்பாலும் ஆற்று மீன்கள். ஓடும் நீரில் பழகியவை, பெரிய தேங்கிய நீரின் நடுப்பகுதியைச் சரியாகப் பயன்படுத்தவில்லை. திலாப்பியா அப்படி இல்லை. பாசியைத் தின்று வளரும். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். சில வருடங்களில் குளங்கள் மீனால் நிறைந்தன.

பிடிக்க ஆள் இல்லை. குளத்தடிக் கிராமத்தவர் விவசாயிகள். வலை அவர்களுக்குப் பழக்கமில்லை, பலருக்கு உயிர்க்கொலை என்ற தயக்கமும் இருந்தது. அதனால் 1950களில் நீர்கொழும்பு, சிலாபம் கரைகளிலிருந்து கடற்றொழிலாளர் உள்நாட்டுக்கு வந்தார்கள். தமக்குத் தெரிந்த வலையையும் தோணியையும் கூடவே கொண்டு வந்தார்கள். கடலில் அலைக்காகப் பிறந்த பக்கக்கட்டை குளத்தில் வலை இழுக்கும்போது கவிழாமல் நிற்க உதவியது. பிறகு உள்ளூர் ஆட்களும் தொழிலைப் பழகினார்கள். மரத்துக்குப் பதிலாகப் பைபர் வந்தது. இன்று நம் குளங்களில் காணும் தோணி அந்த ஓருவவின் பேரப்பிள்ளை. சிறியது, இரண்டு பேருக்குரியது, பெரும்பாலும் எஞ்சின் இல்லாதது.

இந்தத் தொழிலின் நேரத்தைக் கவனியுங்கள். வலையைப் பின்னேரம் விரிப்பார்கள், விடியற்காலையில் எடுப்பார்கள். கோடையில் காலை வேளை குளம் கண்ணாடி மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏறக் காற்று எழும், பின்னேரம் வெள்ளை நுரை அடிக்கும். அந்த நேரத்தில்தான் வலையோடு போக வேண்டும். கடல் ஓருவவைப் போல முனை மாற்றி ஓடும் பாய் இதில் இல்லை. உரப்பையோ தறப்பாளோ, கிடைத்ததைக் கட்டிக் காற்றுப் போகும் திசையில் மட்டும் ஓடுவார்கள், மற்றத் திசைக்குத் துடுப்பு. வற்றிய குளத்தில் நீருக்குச் சற்றுக் கீழே பழைய மரக்குற்றிகள் வேறு நிற்கும். நிறைந்த குளத்தில் பிரச்சினை இல்லை, அரைக்குளத்தில் அவைதான் வலையைக் கிழிக்கும், தோணியையும் கவிழ்க்கும்.

ஹோட்டல் கதையையும் ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். ஜெப்ரி பாவா வடிவமைத்த கண்டலம ஹோட்டல் திறந்தது 1994இல். கட்டும்போது குளம் மாசுபடும் என்று பெரிய எதிர்ப்பு நடந்தது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். உள்நாட்டுக் குளங்களுக்குத் தோணி வந்து அப்போது ஏறக்குறைய நாற்பது வருடம்.

மீன் வந்தது, தோணி வந்தது. மூன்றாவதாகத் தண்ணீரே புதிதாக வந்தது. 1976இல் பொல்கொல்லவில் மகாவலியை மறித்து, ஏறக்குறைய 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்குக் கொண்டு வந்தார்கள். அங்கிருந்து சுது கங்கை, அம்பன் கங்கை, போவத்தன்ன. போவத்தன்னவிலிருந்து இன்னொரு சுரங்கம் தம்புள்ளைப் பக்கத்துக்கு. நாம் மாத்தளையில் படுத்துத் தூங்கும்போது கண்டி மலையின் மழை நமக்குப் பக்கத்தால் கடந்து வரண்ட வலயத்துக்குப் போகிறது. அந்த வேலையில்தான் நாலந்தக் கெடிகேயைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் திரும்பக் கட்டினார்கள். தமிழ்நாட்டுப் பல்லவர் பாணியும் இந்நாட்டுப் பௌத்தமும் சேர்ந்த அந்தக் கட்டடம் இப்போது தண்ணீர் ஓரத்தில் நிற்பது அதனால்தான், முதலில் இருந்த இடம் அதுவல்ல.

பிறகு மொரகஹகந்த. 57 கோடி கனமீற்றர் கொள்ளளவு. அதோடு சேர்ந்த களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கல பல்லேகம ஊர் இடம்பெயர்ந்து புதிய நகரம் கட்டப்பட்டது. கடைகள், பாடசாலை, பழகிய பாதை எல்லாம் போயின. மஸ்கெலியாவில் 1960களின் இறுதியில் மூழ்கிய பழைய ஊரின் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் கடுங்கோடையில் மவுசாகலை நீர் இறங்கும்போது வெளியே தெரிவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அங்கே போய்ப் படம் எடுப்பவருக்கு அது காட்சி, ஊரை விட்டவருக்கு அது வீடு. அப்படிப்பட்ட நீரின் மேல்தான் புதிய தோணிகள் ஓடுகின்றன.

இப்போது நான் சொல்ல வந்த விடயம். வரட்சி வந்தால் விவசாயிக்கு ஒரு பழைய வழக்கம் கைகொடுக்கும். பெத்ம என்று சொல்வார்கள். குளத்தில் நீர் போதாத வருடத்தில் முழு வயலையும் விதைக்க மாட்டார்கள். குளத்துக்குக் கிட்ட உள்ள ஒரு பகுதியை மட்டும் எடுத்து, தூரத்து வயல்காரருக்கும் அதில் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். தன் சொந்த வயலில் அடுத்தவன் விதைப்பதை ஒருவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான், சண்டை இல்லை. நூற்றாண்டுகள் பழகிய அறிவு அது. போகம் தொடங்குமுன் கூடும் கூட்டத்தில் எந்தத் திகதி மதகைத் திறப்பது, எந்தத் திகதி பூட்டுவது என்று பேசி முடிப்பதும் அதே மரபின் தொடர்ச்சி.

தோணிக்காரனுக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை. அவன் வந்து எழுபது வருடந்தான் ஆகிறது. பழைய முறையில் குளத்துக்கு உரிமைக்காரர் வயல்காரரும் ஊர்க்காரரும். புதிய முறையில் நீர்ப்பாசனம், மகாவலி, மின்சாரம். குளத்தில் குறைந்தபட்சம் இவ்வளவு நீர் மீனுக்காக நிற்க வேண்டும் என்று கேட்கும் குரல் மெலிந்தது. நீர் வேகமாக இறங்கினால் என்ன நடக்கும்? திலாப்பியா கரையோரம் ஆழங்குறைந்த இடத்தில் குழி தோண்டித்தான் இனம் பெருக்கும். அந்தக் குழிகள் வெயிலில் வெளியே வந்துவிடும். அதே நேரம் எஞ்சிய மீன் எல்லாம் சிறிய நீரில் நெருங்கி நிற்பதால் வலைக்கு அள்ளு அள்ளு என்று கிடைக்கும். சந்தையில் மீன் மலிந்திருக்கும் அந்தக் கோடையில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அடுத்த வருடந்தான் வலை வெறுமையாக வரும்.

இந்தக் குரல் மெலிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990இல் அரசாங்கம் நன்னீர் மீன்பிடிக்குக் கொடுத்து வந்த ஆதரவை முழுதாக நிறுத்தியது. அரச பணம் உயிர்க்கொலைக்குப் போகக்கூடாது என்ற கோரிக்கை அதன் பின்னால் இருந்தது. அந்த நம்பிக்கையை நான் குறை சொல்ல வரவில்லை, அயலவரின் மனச்சாட்சி அது. ஆனால் நடந்தது என்ன? மீன்பிடி நிற்கவில்லை, கண்காணிப்புத்தான் நின்றது. குஞ்சு விடுவது நின்றது, சின்னக்கண் வலை தாராளமாக இறங்கியது, உற்பத்தி விழுந்தது. 1994இல் ஆதரவு திரும்ப வந்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை அமைந்தது. 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண் உள்ள வலை கூடாது என்ற விதியும், மீனவர் சங்கங்களும் மெல்ல நிலைபெற்றன. ஆனாலும் இடையில் போன அந்த நான்கு வருடம், ஒரு தலைமுறை முறையாகத் தொழில் பழகியிருக்க வேண்டிய காலம்.

2016 – 2017 வரட்சி இதையெல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. நாற்பது வருடத்தில் காணாத வரட்சி என்று சொன்னார்கள். பெரும்போகமே பிழைத்தது. நெல்லுக்கு நட்டஈடு பற்றி எல்லோரும் பேசினார்கள், பேசத்தான் வேண்டும். தோணியைக் காய்ந்த சேற்றில் கவிழ்த்துப் போட்டுவிட்டு மேசன் கையாளாகப் போனவர்களைப் பற்றிப் பேச்சு வரவில்லை. அந்தத் தோணிகளில் பிடிபடும் மீன்தான் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் நம் தெருவுக்கு வருகிறது. கடல் மீன் வாங்க முடியாத வீட்டுக்குக் கடைசி மீன் அது. சத்துணவு பற்றிப் பிள்ளைகளுக்கு அட்டவணை போட்டுக் காட்டும் எனக்கு அந்தப் பெட்டியின் விலை தெரியும்.

மொரகஹகந்தயிலும் களு கங்கையிலும் தொழில் இன்னும் புதிது. அங்கே வழக்கம் என்று எதுவும் இறுகிப் போகவில்லை. போகக் கூட்டத்தில் மீனவர் சங்கத்துக்கும் ஒரு கதிரை போடுவதானால், கடுங்கோடைக்கு ஒரு அடிமட்ட நீரளவைப் பேசி எழுதிவைப்பதானால், அதற்கு நேரம் இதுதான். பெத்மவைக் கண்டுபிடித்தவர்களின் ஊரில் இது நடக்காத காரியம் என்று நான் நினைக்கவில்லை.

ஓகஸ்ட் விடுமுறைக்குக் கண்டலம, வெமெடில்ல, தேவஹூவ பக்கம் குளிக்கப் போகிற குடும்பங்களுக்கு ஒரு சொல்: வற்றிய குளம் ஆழமில்லாத குளம் என்று எண்ணாதீர்கள். பழைய ஓயாவின் பள்ளம் நடுவில் அப்படியே இருக்கும், சேறு காலை விடாது. மிதப்புச் சட்டை இல்லாமல் பிள்ளைகளைத் தோணியில் ஏற்றவே வேண்டாம். பின்னேரக் காற்று எத்தனை ஆள் காற்று என்று தோணிக்காரரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

கடைசியாக ஒரு உதவி. 1960கள், 70களில் நீர்கொழும்பு ஆட்களிடம் குளத்தடியில் மீன் வாங்கிச் சைக்கிளில் விற்ற வாப்பாமார், பெரியவாப்பாமார் நம் ஊர்களில் இருந்திருக்க வேண்டும். தவளம் பற்றிய பேச்சுக் கேட்ட மூத்தம்மாமாரும் இருக்கலாம். எந்தக் குளம், எந்த வருடம், மீனை எதில் பொதிந்தார்கள், எவ்வளவுக்கு விற்றார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். பழைய படம் இருந்தால் அதையும் போடுங்கள். மழைக்கு முன்னர் ஒரு கொப்பியில் சேர்த்துவைக்க விரும்புகிறேன்.